எண்பத்தெட்டாவது சீட்டு

சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரமானால், தாசம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்துவிடுவாள். வைத்துவிட்டு எழுந்து போனாலாவது தேவலை. பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, எழுதி முடிகிறவரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுடைய பேர் மட்டும் எப்படி இருக்கும் என்று தெரியும். மூன்றே எழுத்து, முதல் எழுத்துக்குக் கொம்பு உண்டு. அந்த மூன்று எழுத்தும் காகிதத்தில் விழுந்ததைப் பார்த்தால்தான் அவளுக்கு அடுப்படி நினைவு வரும்.

"எழுது மக்ளே. சோறு கொதிச்சுப் போகும்."

ரத்னாபாய் எழுதினாள். எண்பத்தெட்டாவது சீட்டு. வேண்டுமென்று எண்ணவில்லை. ஒன்றாம் வகுப்புக்கு எட்டு வருஷமாக எண் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு எதைக் கண்டாலும் எண்ணுகிற புத்தி வந்துவிடுகிறது. அது ஒரு சீக்கு, அதற்கு மருந்தும் கிடையாது.

ஆரம்பத்தில் சீட்டு இத்தனை குட்டையாக இருந்ததில்லை. முதல் சனிக்கிழமை, "கடல் யாத்திரையில் புயலில் அகப்பட்டிருக்கும் என் மகன் யோசுவாவும் கப்பலிலுள்ள எல்லாரும் பத்திரமாய்க் கரை சேரும்படி ஜெபிக்கக் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு விசுவாசமுள்ள தாசம்மாள்" என்று காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதினாள். நாலு மாசத்தில் புயல் போயிற்று. அடுத்த நாலு மாசத்தில் கப்பலிலுள்ள எல்லாரும் போனார்கள். விசுவாசம் எப்போது போனது என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. இப்போது எழுதுவது நாலே சொல்: 'தாசம்மாள். மகன் யோசுவா. கப்பல்.' சபைக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அதை வாசிக்கிற பாதிரி ஐயருக்கு வேறு என்ன வேண்டும்?

யோசுவா சர்க்கார் பஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். எஞ்சின் என்றால் அவனுக்குப் பைத்தியம், பெரிய எஞ்சின் என்றால் பெரிய பைத்தியம். கல்கத்தாக் கம்பெனி ஒன்றில் கப்பல் எஞ்சினுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெண்டாட்டியிடம் ஒரு வாரமும் அம்மாவிடம் ஒரு மாசமும் கெஞ்சி, கிளம்பிப் போனான். 'ஜலவேணி' என்று கப்பலுக்குப் பேர். எட்டாயிரம் டன், நாற்பத்தாறு ஆட்கள். விசாகப்பட்டினத்திலிருந்து மாங்கனீஸ் கல் ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போயிற்று. ஐம்பத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் சீனக் கடலில் சூறாவளி. முன்பக்கத்துக் கிடங்கில் தண்ணீர் ஏறுகிறது, படகுகளை இறக்கப் பார்க்கிறோம் என்று வயர்லெஸ்ஸில் ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான், அப்புறம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கப்பல்கள் ஆறு நாள் தேடின. கவிழ்ந்த படகு ஒன்றும், கிடங்கை மூடுகிற பலகை சிலவும் கிடைத்தன. இவ்வளவும் கம்பெனி எழுதிய கடிதத்தில் இருந்தது. எட்டு மாசம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. கப்பல் மூழ்கியதாகவும் ஆட்கள் எல்லாரும் இறந்ததாகவும் முடிவு செய்யப்பட்டுவிட்டது என்று அதில் கண்டிருந்தது.

சபையில் கொழும்புக் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். ரத்னாபாய் மாமியாருக்குத் தெரியாமல் அவரிடம் போய்க் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, "கல்லு ஏத்தின கப்பல் மக்ளே, அது மிதக்கதே ஒரு தயவு. தண்ணி உள்ள கேறினா ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். எஞ்சின் ரூம்ல நிக்கவன் மேல கேறி வரதுக்கே அது காணாது," என்றார். ரத்னாபாய் அன்றைக்கே புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அரிசி களைந்து உலையில் போட்டாள். மாமியார் எதிரில் இருந்ததால் அழவில்லை.

அதற்கப்புறமும் அழவில்லை. அதுதான் அவளைத் தின்றது. புருஷன் செத்தால் ஒருத்தி அழலாம். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஒரு மூலையில் படுக்கலாம், நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், வருஷம் திரும்பினால் மெல்ல எழுந்து உட்காரலாம். இவளுக்கு அந்த வழி அடைத்துக் கிடந்தது. கலர்ப் புடவை கட்டியாக வேண்டும். மாமியார் 'அவன் வந்தா' என்று தொடங்குகிற பேச்சுக்கெல்லாம் 'ம்' கொட்டியாக வேண்டும். தபால்காரர் வேலாயுதன் தெருமுனையில் தலை காட்டியதும் கிழவி வாசலுக்கு ஓடுவாள். அவர் பாவம், நல்ல மனுஷன், தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஐம்பத்திரண்டு குழந்தைகள், வீட்டில் இது. போதும் போதும் என்றாகிவிட்டது ரத்னாபாய்க்கு.

எல்லாவற்றிலும் கொடுமை ஞாயிற்றுக்கிழமை. செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் அந்தச் சபையில் கிடையாது. ஆள் போய்விட்டால் ஆண்டவர் கையில் விட்டாயிற்று, மிச்சமிருக்கிறவர்களின் ஆறுதலுக்குத்தான் ஜெபம். ஆகையால் யோசுவாவின் பெயர் வாசிக்கப்படுகிறவரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். ஞாயிறுதோறும் காலை ஏழரைத் தமிழ் ஆராதனையில் ஐயர் வியாதிக்காரர் பேரெல்லாம் வாசித்து, பரீட்சைக்குப் போகிறவர் பேரெல்லாம் வாசித்து, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடல் யாத்திரையிலிருக்கும் யோசுவா" என்பார். பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் முக்காடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். மாமியாரைப் பார்க்க மாட்டார்கள், மருமகளைத்தான் பார்ப்பார்கள். அவள் 'ஆமென்' சொல்கிறாளா என்று பார்ப்பார்கள். அவள் சொல்வாள். இருபது மாசமாகப் பொய்க்கு ஆமென் சொல்லிச் சொல்லி அவளுக்கு அந்தச் சொல்லே கசந்துவிட்டது.

ஐயரும் சும்மா இருக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கே வந்து, பால் விடாத கட்டன்சாயா குடித்துவிட்டு, யோசுவாவின் ஞாபகமாக ஓர் ஆராதனை வைக்கலாமே என்று பக்குவமாகத்தான் பேச்செடுத்தார்.

"பெட்டி எங்க ஐயரே?" என்று கேட்டாள் தாசம்மாள். "குழி எங்க? ஒண்ணும் இல்லாம எனக்க பிள்ளைய எப்படிச் செத்தவன்னு சொல்லுவிய?"

ஐயர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனபிறகு கிழவி மருமகளைப் பார்த்தாள். நீயாவது ஒரு வார்த்தை பேசினாயா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. ரத்னாபாய் சாயா கிளாஸைக் கழுவப் போனாள்.

இந்தச் சனிக்கிழமை சீட்டை மடிக்கும்போதே அவள் தீர்மானம் செய்துவிட்டாள். இதுதான் கடைசி. நாளைக்குக் கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, சோறு தின்று, கிழவி வெற்றிலை போடுகிற நேரத்தில் சொல்லிவிட வேண்டும். 'மாமி, இனி என்னால் எழுத முடியாது. அவிய போயாச்சு. எனக்கு அழணும்.' அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கிழவி ஏசட்டும், மாரில் அடித்துக்கொள்ளட்டும், பேசாமல் இருக்கட்டும். எதுவானாலும் எண்பத்தொன்பதாவது சீட்டு கிடையாது.

ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. ஜூன் மாசத்து மழை நிற்கிற மழையா? வீடு இருக்கிற குன்னுக்குழி இறக்கத்திலிருந்து பாளையத்துப் பக்கம் கோயிலுக்கு ஏறிவர, தாசம்மாளின் முட்டிவலிக்கு அரைமணிக்கு மேல் பிடித்தது. ஒரே குடை. ரத்னாபாயின் வலது தோள் பூராவும் நனைந்து, சேலை காலைச் சுற்றியது. வந்து சேரும்போது முதல் பாட்டு தொடங்கிவிட்டது.

வாசலில் எப்போதும் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். பெண்கள் ஏறுகிற இடது படியில் விண்ணப்பப் பெட்டி. ஜெபிக்க வேண்டியதற்கெல்லாம் அதில் சீட்டுப் போட வேண்டும். வலது படியில் ஸ்தோத்திரப் பெட்டி. பிள்ளை பிறந்தது, பரீட்சை பாஸானது, காய்ச்சல் விட்டது, ஊருக்குப் போனவர் வந்து சேர்ந்தது எல்லாம் அதில் போகும். அன்றைக்குச் சாரல் அடித்ததால், கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் இரண்டு பெட்டிகளையும் உள்ளே கொண்டுவந்து ஒரே பெஞ்சில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். ரத்னாபாய் ஒரு கையில் குடை, ஒரு கையில் மாமியார் என்று நுழைந்தாள். குடையைச் சுவரில் சாத்தினாள், மார்பில் செருகியிருந்த சீட்டை எடுத்தாள், முதலில் கைபட்ட பெட்டியில் போட்டாள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் அதைப் படிக்கவில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சபை ஐயர் கூட்டத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். ஆராதனை நடத்த நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வேறொரு ஐயர் வந்திருந்தார். இளம் வயது, கணீரென்ற குரல், எதற்கும் சிரித்த முகம். உபதேசியாரோ ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே வாளி வைப்பதும், நிறைந்த வாளியைத் தூக்குவதுமாக இருந்தார். இரண்டு பெட்டிச் சீட்டுகளையும் தனித்தனியே அள்ளி ஐயர் கையில் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது.

ஐயர் ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசித்தார். ஒருவருக்குப் பேரன் பிறந்திருந்தான். ஒருவருக்கு வேலை ஸ்திரமாகியிருந்தது. மூன்றாவது சீட்டைப் பிரித்து, "தாசம்மாள். மகன் யோசுவா. கப்பல்," என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்தது.

"அன்பானவர்களே, கப்பலுக்குப் போன மகன் பத்திரமாய் வந்து சேர்ந்ததற்காக ஒரு தாய் ஸ்தோத்திரம் செலுத்துகிறாள். இந்தக் காற்றிலும் மழையிலும் கடலில் இருப்பது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்! எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்."

கோயிலுக்குள் மழைச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கேயோ ஒரு பெண் 'ஆண்டவரே' என்று விம்மினாள். எண்பத்தேழு வாரம் ஜெபித்த சபை அல்லவா? கேட்டது கிடைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? பெஞ்சு பெஞ்சாக ஆட்கள் எழுந்தார்கள். கொழும்புக் கப்பல் பெரியவர்கூட எழுந்தார். ஆர்மோனியம் வாசிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையை அழுத்தினார்.

ரத்னாபாய் வாசலைப் பார்த்தாள்.

அவன் அங்கே நிற்கிறான் என்று நினைத்தாள். தன்னிடம்கூடச் சொல்லாமல் நேராக ரயிலிறங்கி வந்து, யார் மூலமோ சீட்டுக் கொடுத்தனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, தலைத் தண்ணீரை உதறிக்கொண்டு நிற்கிறான். அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் அவன். கம்பெனிக் கடிதம், ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் எல்லாம் எங்கேயோ போயிற்று. சந்தோஷத்தில் அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். வாசலில் யாரும் இல்லை. வாசலை ஒட்டிய பெஞ்சில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் அவற்றின் மேலிருந்த எழுத்தைப் படித்தாள்.

திரும்பினால் மாமியார் இடத்தில் இல்லை. "வீடு பூட்டியில்லா கெடக்கு! எனக்க பிள்ள மழையில நிப்பானே!" என்று சொல்லிக்கொண்டே பெண்களை விலக்கி நடந்துகொண்டிருந்தாள். விலக்கப்பட்ட பெண்கள் அவள் கையைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். ரத்னாபாய் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

முட்டிவலிக்காரி என்று யார் சொல்வார்கள்? அரைமணி நேரம் ஏறி வந்த கிழவி கோயில் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். ஒன்பதரை மலையாள ஆராதனைக்கு முன்னதாகவே வந்துவிட்ட ஒருவர் கேட்டில் ஒதுங்கி நின்று, "எந்து பற்றி அம்மச்சி?" என்று, என்ன நடந்ததென விசாரித்தார்.

"மகன் வந்நு!" என்றாள் தாசம்மாள், நிற்காமல்.

ரத்னாபாய் அவளை எட்டிப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் அடைத்துக் கிடந்தன. ரோட்டில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி, நில்லுங்க."

"கைய விடு. எப்ப வந்தது கடுதாசி? எங்கிட்ட சொல்லாம வச்சிருந்தியா கள்ளி? விடுட்டி, பயல் நனைவான்."

"மாமி, அவிய வரல்ல."

"ஐயரு சொன்னாரே."

"அவரு வேற ஊருக்காரரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சீட்டப் பெட்டி மாத்திப் போட்டுட்டேன். எனக்க தப்பு. யாரும் வரல்ல மாமி."

தாசம்மாள் நின்றாள். மழை அவள் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை. மருமகள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"நீ பொய் சொல்லுத. நீயும் வாசலப் பாத்தே. நான் கண்டேன்."

"பாத்தேன்."

"பின்ன?"

ரத்னாபாய்க்கு அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. "நானும் நம்பிட்டேன் மாமி. வந்து நிக்காவன்னு நெனச்சிட்டேன்."

கோயிலுக்குள் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. முழுச் சபையும் தொண்டை திறந்து பாடிற்று.

"அப்போ நீயும் காத்துத்தான் இருந்தியா?" என்றாள் தாசம்மாள். "நீ அவன எப்பமோ விட்டாச்சுன்னுல்லா நான் நெனச்சேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்லியே நீ. இவளும் விட்டா, நானும் விட்டா, பிள்ளைக்கு ஆரு உண்டுன்னு நெனச்சுத்தான் சீட்டு எழுதச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"நீங்க முன்னால இருந்தா எப்படி மாமி அழ?"

இருபது மாசம் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் தின்று, இதைக் கேட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் ஒரு நாள் கிடைக்கவில்லை. ரத்னாபாய்க்கு யார்மேல் என்றில்லாமல் கோபம் வந்தது. அப்புறம் அதற்கும் சக்தி இல்லாமல் போயிற்று.

தாசம்மாள் மெதுவாக, யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டாள்.

"செத்துட்டானா மக்ளே?"

அந்தச் சொல்லை ரத்னாபாய் இதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. "செத்துட்டாவ மாமி," என்றாள். "அன்னைக்கே செத்துட்டாவ."

கிழவி தலையாட்டினாள். நடந்த நடைக்கெல்லாம் சேர்த்து முட்டி இப்போது வலித்திருக்க வேண்டும். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம் பார்த்தாள், கோயில் பக்கம் பார்த்தாள். ரத்னாபாய் குடையை அவள் தலைக்கு நேராகப் பிடித்து, "வாருங்க, நான் போய் உபதேசியார்ட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுதேன்," என்றாள்.

"எத்தன சரணம் உண்டு அந்தப் பாட்டுக்கு?"

"அஞ்சு."

"நிறுத்தாண்டாம். முழுசும் பாடட்டும்," என்றாள் தாசம்மாள். "அடுத்த ஞாயிறு முதக்கொண்டு எனக்க பிள்ளைக்க பேர அங்க ஆரும் சொல்லமாட்டாவ."

மூன்றாவது சரணம் முடிந்து நாலாவது தொடங்கிற்று. மழைக்கு மேலே ஆண்களின் குரல் தனியாகவும் பெண்களின் குரல் தனியாகவும் கேட்டது. யோசுவா வந்து சேர்ந்துவிட்டான் என்று அத்தனை பேரும் பாடினார்கள்.

"நல்லாத்தான் பாடுதாவ," என்றாள் தாசம்மாள்.

ரத்னாபாய் நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுதாள். தாசம்மாள் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. ஐந்தாவது சரணம் முடிகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.